பழைய படத்தையும் எடுத்துக்கொண்டு வாருங்கள்

எனக்கு வரும் ஸ்கேன் சீட்டுகள் பலவற்றில் இரண்டே வார்த்தைகள்தான் இருக்கும்: ‘சி.டி. வயிறு’. எழுதிய டாக்டருக்குக் கொஞ்சம் நேரம் இருந்திருந்தால் மூன்றாவதாக ‘வலி’ என்று சேர்த்திருப்பார். எந்தப் பக்கம் வலி, எத்தனை நாளாக, காய்ச்சல் அடித்ததா, முன்னால் ஆபரேஷன் ஏதும் நடந்திருக்கிறதா, ஒன்றும் தெரியாது. அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு நூற்றுக்கணக்கான குறுக்குவெட்டுப் படங்களை உருட்டி உருட்டிப் பார்த்து, உள்ளே என்ன நடக்கிறது என்று எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு.

நான் ரேடியாலஜிஸ்ட். கொங்குப் பக்கம் ஒரு ஊரில் ஸ்கேன் சென்டரில் இருக்கிறேன். ஊரார் வாயில் ‘ஸ்கேன் டாக்டரம்மா’. மிஷின் புதுசா, எத்தனை ஸ்லைஸ் என்றெல்லாம் விசாரித்துக்கொண்டு வருபவர்கள் இப்போது அதிகம். கேட்க வேண்டியதுதான், தப்பில்லை. ஆனால் ரிப்போர்ட் உருப்படியாக வருவதற்கு மிஷின் பாதிதான் காரணம். மீதி, நீங்கள் என்ன சொல்கிறீர்கள், கையில் என்ன கொண்டு வருகிறீர்கள் என்பதில் இருக்கிறது. அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

“ஏனுங் டாக்டரம்மா, இதுதான் கரண்ட் வைக்கற எடமுங்களா?” என்று கேட்டுக்கொண்டு சிலர் வருவார்கள். இல்லை. கரண்ட் வைப்பது, அதாவது புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு சிகிச்சை கொடுப்பது, வேறு துறை. சென்னை மருத்துவக் கல்லூரியில் 1934-ல் பர்னார்டு நிலையம் தொடங்கிய காலத்தில் படம் பிடிப்பதும் கதிர் சிகிச்சையும் ஒரே கூரைக்குக் கீழே நடந்தன. இன்று படிப்பே தனித்தனி. எங்கள் பட்டம் ‘ரேடியோடயக்னோசிஸ்’, அதாவது படம் பார்த்து நோயைக் கண்டுபிடிப்பது. பெட் ஸ்கேன் எடுக்கிற நியூக்ளியர் மெடிசின் இன்னொரு தனித்துறை. அங்கே ஊசியில் ஒரு மருந்தை ஏற்றி, அது உடம்புக்குள் எங்கெல்லாம் போய்ச் சேர்கிறது என்று பார்ப்பார்கள். பெட் ஸ்கேனில் அதிகம் பயன்படுகிற எஃப்.டி.ஜி. என்கிற சர்க்கரை போன்ற மருந்தின் கதிர்வீச்சு 110 நிமிடத்துக்கு ஒரு முறை பாதியாகக் குறைந்துகொண்டே போகும். அவர்கள் பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்க, நீங்கள் பன்னிரண்டுக்குப் போய் நின்றால், உங்களுக்கென்று வாங்கி வைத்த மருந்தில் பாதிக்கு மேல் போயிருக்கும். பெட் ஸ்கேன்காரர்கள் நேர விஷயத்தில் கறாராகப் பேசினால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

சரி, சீட்டு விஷயத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு ஸ்கேனும் ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும். அந்தக் கேள்வி சீட்டிலேயே இருக்க வேண்டும். பக்கவாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வாய் கோணிக்கொண்டு, ஒரு கை விழுந்து ஒருவர் வருகிறார். அவசரமாக முதலில் எடுப்பது மருந்து ஏற்றாத சாதா சி.டி. எதற்கு? மூளையில் ரத்தம் கசிந்திருக்கிறதா என்று பார்க்க. சி.டி.யில் தண்ணீருக்கு எண் பூஜ்யம், காற்றுக்கு மைனஸ் 1000. அந்த அளவுகோலில் புதிதாக உறைந்த ரத்தம் சுமார் 50 முதல் 70 வரை வரும். மூளைத் திசுவைவிட வெளுப்பாகப் பளிச்சென்று தெரியும். கசிவு இல்லை என்று உறுதியானால்தான் குழாயை அடைத்திருக்கும் ரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசியைப் போட முடியும். அந்த ஊசிக்குக் கெடு, அறிகுறி தொடங்கியதிலிருந்து நாலரை மணி நேரம். ரத்தக்குழாய் அடைத்து வந்த வாதமாக இருந்தால், முதல் சில மணி நேரத்தில் சி.டி.யில் பெரிதாக எதுவும் தெரியாமலேயே போகலாம். டிஃப்யூஷன் என்கிற எம்.ஆர்.ஐ. படத்தில்தான் சீக்கிரம் தெரியும்.

இதை வீட்டாருக்கு யாரும் விளக்குவதில்லை. ஒரு பெரியவரின் மகன் மறுநாள் வந்து சத்தம் போட்டார்: “நேத்து சி.டி. நார்மல்னு எழுதிக் குடுத்தீங்க, இன்னிக்கு எம்.ஆர்.ஐ.ல அடைப்புங்கறாங்க. எதுங்க நெசம்?” இரண்டும் நிஜம். முந்தின நாள் கேட்ட கேள்வி ‘ரத்தக் கசிவு உண்டா?’ என்பது. அதற்குப் பதில் ‘இல்லை’. அந்த ‘இல்லை’ கிடைத்ததால்தான் அவர் அப்பாவுக்கு நேரத்தோடு ஊசி போட முடிந்தது. உட்கார வைத்துப் படத்தைக் காட்டி இதைச் சொன்னதும் அவர் தணிந்துவிட்டார். இதில் நீங்கள் நினைவில் வைக்க வேண்டியது: யாருக்காவது வாய் கோணினால், பேச்சு குழறினால், ராத்திரி நேரத்திலும் சி.டி. எடுக்கிற, ஊசி போடுகிற மருத்துவமனை உங்கள் ஊருக்குப் பக்கத்தில் எது என்று இப்போதே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். கடைசியாக அவர் சரியாக இருந்தது எத்தனை மணிக்கு என்பதையும் குறித்துக்கொண்டு போங்கள். டாக்டர் கேட்கும் முதல் கேள்வி அதுதான்.

இனி, பழைய படம். இது எனக்கு மிகவும் பிடித்த விஷயம் என்பதால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன்.

குடலிறக்க ஆபரேஷனுக்காக ஒரு விவசாயி வந்தார், அறுபதைத் தாண்டியவர். ஆபரேஷனுக்கு முன்னால் வழக்கமாக எடுக்கிற நெஞ்சு எக்ஸ்ரேயில் வலப்பக்க நுரையீரலின் மேல்பகுதியில் ஒரு வெள்ளைப் புள்ளி. பீடி குடிக்கிறவர். சர்ஜன் பயந்துபோய் சி.டி.க்கு அனுப்பிவிட்டார். அவர் எங்கள் படியேறும்போதே பின்னால் வந்த மனைவியும் மகளும் அழுதுகொண்டிருந்தார்கள். யாரோ ‘கேன்சரா இருக்கலாம்’ என்று காதில் போட்டிருக்கிறார்கள். நான் எப்போதும் கேட்பதைத்தான் கேட்டேன்: “ஐயா, இதுக்கு முன்னால நெஞ்சுப் படம் எப்பவாச்சும் எடுத்திருக்கீங்களா?” அவர் இல்லை என்று தலையாட்டினார். மனைவிதான் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “ஏனுங், நம்ம பாப்பா சின்னப் புள்ளையா இருக்கறப்ப டி.பி.ன்னு ஆறு மாசம் மாத்திரை தின்னீங்களே, அப்ப எடுத்தது பரண் மேல கெடக்குதுங்களே.”

சி.டி.யைத் தள்ளி வைத்துவிட்டு மகனை ஊருக்கு பஸ்ஸில் அனுப்பினோம். சாயங்காலம் மஞ்சள் பையில் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தான். ஒரு மூலை செல்லரித்திருந்தது. ஈரத்தில் கவரோடு ஒட்டிக்கொண்டதால் மெதுவாகப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. லைட் பாக்ஸில் மாட்டினேன். எங்கள் சென்டரில் அந்த விளக்குப் பெட்டியை இப்போதெல்லாம் யாரும் தொடுவதில்லை, எல்லாம் கம்ப்யூட்டர் திரைதான். அதே இடம், அதே புள்ளி, அதே அளவு. டி.பி. ஆறிய தழும்பில் சுண்ணாம்பு படிந்து உறைந்துபோயிருக்கிறது. இத்தனை வருடமாக அசையாமல் இருக்கிற புள்ளிக்கு சி.டி. எதற்கு? சர்ஜனுக்கு போன் போட்டுச் சொல்லிவிட்டேன். சி.டி. செலவும் மிச்சம், அதற்கப்புறம் வந்திருக்கக்கூடிய ஊசி குத்திச் சதை எடுக்கிற சோதனையும் மிச்சம். பீடியை விடச் சொல்லித் திட்டிய திட்டு மட்டும் இலவசம்.

உலகத்தின் எந்த மிஷினும் ஒரு நாளில் எடுத்த படத்தை வைத்து ‘இது வளர்கிறதா, அப்படியே இருக்கிறதா’ என்று உறுதியாகச் சொல்லாது. இரண்டு படம் வேண்டும், நடுவில் காலம் வேண்டும். அதனால் எக்ஸ்ரே, சி.டி., எம்.ஆர்.ஐ., மேமோகிராம் எதுவாக இருந்தாலும் தூக்கிப் போடாதீர்கள். படங்களைக் குறுந்தகட்டில் போட்டுக் கொடுத்தால் பிலிமைவிட அதை பத்திரப்படுத்துங்கள். பிலிமில் இருப்பது நூற்றுக்கணக்கான படங்களிலிருந்து பொறுக்கி எடுத்த சில. குறுந்தகட்டில்தான் எல்லாமே இருக்கும். எலும்புக்கு, நுரையீரலுக்கு, மூளைக்கு என்று வெளிச்சத்தை மாற்றி மாற்றிப் பார்க்கவும் முடியும். இப்போது வரும் பிலிம்கள் பல சூட்டில் அச்சாகிறவை. வெயிலில் நிற்கிற காருக்குள் போட்டு வைத்தால் கறுத்துப்போகும். டியூப் லைட்டுக்கு நேரே பிலிமைப் பிடித்து செல்போனில் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்பி ‘என்னன்னு பாருங்க டாக்டர்’ என்று கேட்பவர்கள் என் சொந்தக்காரர்களிலேயே ஏராளம். அதில் தெரிவது டியூப் லைட்தான்.

சீட்டில் கேள்வியை எழுதச் சொல்கிறேனே, கேள்வி மட்டும் போதுமா என்றால் போதாது. 2013-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு எங்கள் துறையில் பிரபலம். 24 ரேடியாலஜிஸ்டுகளிடம் நெஞ்சு சி.டி.யைக் கொடுத்து நுரையீரலில் சிறு கட்டிகள் இருந்தால் கண்டுபிடிக்கச் சொன்னார்கள். சொல்லாமல் அதற்குள் ஒரு கொரில்லாவின் படத்தைச் செருகி வைத்திருந்தார்கள், சாதாரணக் கட்டியைப்போல 48 மடங்கு பெரிது. 20 பேர் அதைப் பார்க்கவேயில்லை. கண் எங்கே போகிறது என்று அளந்தபோது, தவறவிட்டவர்களில் பெரும்பாலோர் கொரில்லா இருந்த இடத்தை நேராகவே பார்த்திருக்கிறார்கள். கண் பார்த்திருக்கிறது, மனசு வேறு தேடலில் இருந்திருக்கிறது. அதனால்தான் நல்ல பயிற்சியில், சீட்டில் கேட்டதற்கு விடை கிடைத்த பிறகும் கடைசி மூலைவரை ஒரு வரிசைப்படி பார்த்து முடிக்கப் பழக்குவார்கள். வயிறு சி.டி. என்றால் கல்லீரலில் தொடங்கி, கடைசியில் எலும்பையும், மேலே ஓரத்தில் தெரிகிற நுரையீரல் அடிப்பகுதியையும் பார்த்துவிட்டுத்தான் நாற்காலியை விட்டு எழுந்திருக்க வேண்டும். நடுவில் போன் வந்தால் மறுபடியும் முதலிலிருந்து.

தயாரிப்பு பற்றிச் சொல்ல வேண்டியது நிறைய. பித்தப்பையைப் பார்க்க வேண்டுமென்றால் ஆறு மணி நேரமாவது வெறும் வயிறாக வரச் சொல்வோம். சாப்பிட்டதும் பித்தப்பை சுருங்கிவிடும். சுருங்கிய பைக்குள் கல் இருக்கிறதா, சுவர் தடித்திருக்கிறதா என்று சொல்வது கஷ்டம். “ஒரே ஒரு டீதானுங்க” என்பார்கள். டீயில் பால் இருக்கிறது, அது போதும் பை சுருங்க. கர்ப்பப்பை, மூத்திரப்பை ஸ்கேனுக்கு நேர்மாறு: வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு அடக்கிக்கொண்டு வர வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் எழுதிக் கொடுத்திருந்தால் காலையில் வெறும் வயிற்றில் வாருங்கள்; தண்ணீரை எப்போது குடிக்கத் தொடங்குவது என்று வரவேற்பில் கேட்டு, உங்கள் முறை எப்போது வரும் என்று தெரிந்த பிறகு குடியுங்கள். அடக்கிக்கொண்டு பெஞ்சில் நெளிகிற பெண்களைப் பார்க்கவே பாவமாக இருக்கும்.

சி.டி.யில் ஏற்றுகிற அயோடின் மருந்து சிறுநீரகம் வழியாக வெளியேறும். அதனால்தான் சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை கேட்கிறோம், பில்லை ஏற்றுவதற்காக அல்ல. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சிறுநீரகம் சரியில்லையென்றால் ஸ்கேன் நேரத்திலிருந்து 48 மணி நேரம் அதை நிறுத்தச் சொல்வோம். நீங்களாக நிறுத்த வேண்டாம், கேட்டுவிட்டுச் செய்யுங்கள். இதற்கு முன்னால் இந்த ஊசி போட்டு உடம்பு தடித்திருந்தாலோ, மூச்சு இளைத்திருந்தாலோ, ஆஸ்துமா இருந்தாலோ கட்டாயம் சொல்லுங்கள். இறால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இந்த மருந்தும் ஒத்துக்கொள்ளாது என்று ஒரு பேச்சு உண்டு, அதற்கு ஆதாரமில்லை. மருந்து ஏறும்போது தொண்டையிலிருந்து கீழே சூடு பரவும், மூத்திரம் போய்விட்டதோ என்றுகூடத் தோன்றும். போயிருக்காது. பால் கொடுக்கும் தாய்மார்கள் இந்த ஊசிக்குப் பிறகும் தொடர்ந்து பால் கொடுக்கலாம் என்பதுதான் இப்போதைய வழிகாட்டுதல். பாலில் கலப்பது மிக மிகக் குறைவு.

எம்.ஆர்.ஐ. வேறு ரகம். அதில் எக்ஸ்ரே கதிர் கிடையாது, காந்தம். அதன் பலத்தை டெஸ்லா என்ற அலகில் சொல்வோம்; 1.5 டெஸ்லா என்றால் பூமியின் காந்தப்புலத்தைப்போலச் சுமார் முப்பதாயிரம் மடங்கு. மைனஸ் 269 டிகிரி திரவ ஹீலியத்தில் குளிர்ந்து கிடக்கிற அந்தக் காந்தம் எப்போதும் உயிரோடு இருக்கும். ஊரில் கரண்ட் போனாலும் சரி, படம் எடுக்காத நேரத்திலும் சரி. 2018 ஜனவரியில் மும்பையில் ஒரு மருத்துவமனையில் நோயாளியின் உறவினர் ஒருவர் ஆக்சிஜன் சிலிண்டரோடு அந்த அறைக்குள் போய், காந்தம் சிலிண்டரோடு அவரையும் இழுத்துக்கொண்டது. உயிரே போய்விட்டது. ‘மிஷின் ஆஃப்ல இருக்கு’ என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

எங்கள் ஊரில் எம்.ஆர்.ஐ. வாசலில் அன்றாடம் நடக்கும் வழக்கு தாலிக்கொடி. தங்கத்தைக் காந்தம் இழுக்காது, அது உண்மை. ஆனால் உலோக வளையம் சூடாகலாம், படத்தையும் கெடுக்கும். அதைவிட முக்கியம், தாலிக்கொடியில் கோத்து வைத்திருக்கிற ஊக்குகள். எத்தனை பெண்களின் கொடியில் மூன்று நான்கு ஊக்கு தொங்குகிறது என்று எங்களைக் கேளுங்கள்! அவை இரும்பு, சட்டென்று பறக்கும். கழற்றச் சொன்னால் சிலர் கண்கலங்கிவிடுவார்கள், கூட வந்த மாமியார் முகம் மாறும். எங்கள் ஆயாம்மா அதற்கொரு வழி வைத்திருக்கிறார். மஞ்சள் துண்டு கோத்த மஞ்சள் கயிறுகளை ஒரு டப்பாவில் தயாராக வைத்திருப்பார். “கண்ணு, மொதல்ல இதக் கட்டிக்க, அப்பறம் அதக் கழட்டி உங்க அத்தை கையில குடு” என்பார். கழுத்து ஒரு நிமிஷம்கூட வெறுமையாக இருக்காது, மாமியாரும் சமாதானம். பேஸ்மேக்கர், காதுக்குள் வைத்த காக்ளியர் கருவி, மூளை ரத்தக்குழாயில் போட்ட கிளிப் இவற்றைப் பற்றி மட்டும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். கருவியோடு கொடுத்த அட்டை இருந்தால் எடுத்து வாருங்கள், அதில் எழுதியிருக்கும் மாடலை வைத்துத்தான் எடுக்கலாமா கூடாதா என்று முடிவு செய்வோம். எலும்பு முறிவுக்குப் போட்ட டைட்டானியம் பிளேட்டுக்குப் பெரும்பாலும் பயமில்லை. கோயமுத்தூர்ப் பக்கம் இன்னொரு கேள்வியும் அவசியம்: லேத் பட்டறையில், கிரைண்டிங்கில் வேலை பார்த்தவரா? கண்ணில் எப்போதாவது இரும்புத் தூள் விழுந்ததா? விழுந்திருந்தால் முதலில் கண்ணுக்கு ஓர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே அனுப்புவோம்.

தாயத்து, அரைஞாண் பற்றியும் ஒரு வார்த்தை. குழந்தைக்கு நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கும்போது கழுத்தில் கிடக்கும் தாயத்து சரியாக நுரையீரலின் மேல் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஒரு நிமிடம் கழற்றிவிட்டு மறுபடி கட்டுங்கள். இல்லாவிட்டால் இன்னொரு படம் எடுக்க வேண்டும், குழந்தைக்கு இன்னொரு தடவை கதிர்.

கதிர் என்றதும் பயம். பயப்பட வேண்டிய இடத்தில் யாரும் பயப்படுவதில்லை, தேவையில்லாத இடத்தில்தான் பயப்படுகிறார்கள். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் உலகத்தில் ஒரு மனிதனுக்கு இயற்கையாகவே கிடைப்பது சராசரியாக ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட் (உடம்பு வாங்குகிற கதிரை அளக்கும் அலகு). மோனசைட் மணல் இருக்கிற நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் அதைவிடக் கூடுதல். ஒரு நெஞ்சு எக்ஸ்ரே 0.1 அல்லது அதற்கும் குறைவு. வயிறு சி.டி. ஒன்று சுமார் 8 முதல் 10 வரை, அதாவது மூன்று நான்கு வருட இயற்கை அளவு. அதனால் குழந்தைக்கு நிமோனியா சந்தேகத்தில் ஓர் எக்ஸ்ரே எழுதினால் சண்டை போடாதீர்கள். அதே சமயம், ‘போன வாரம் எடுத்த சி.டி. வேண்டாம், எங்களிடம் இன்னொன்று எடுங்கள்’ என்று எங்காவது சொன்னால், ஏன் என்று காரணம் கேளுங்கள். சில நேரம் நியாயமான காரணம் இருக்கும், சில நேரம் இருக்காது. அல்ட்ராசவுண்டில் கதிரே கிடையாது, வெறும் ஒலி.

அல்ட்ராசவுண்ட் என்றால் கர்ப்பிணிகள். 11 முதல் 13 வாரம் 6 நாளுக்குள் ஒரு ஸ்கேன், 18 முதல் 22 வாரத்துக்குள் குழந்தையின் உறுப்புகளைப் பார்க்கும் ஸ்கேன். இந்த இரண்டையும் தள்ளிப்போடாதீர்கள். ஏழாம் மாதத்தில் வந்தால் பார்க்க வேண்டிய பல கோணங்கள் கிடைக்காது, கண்டுபிடித்தாலும் கையில் இருக்கும் வழிகள் குறைந்துவிடும். சுவரில் ‘இங்கே பாலினம் தெரிவிக்கப்படாது’ என்று பெரிதாக எழுதியிருக்கும். அதற்குக் கீழேயே உட்கார்ந்துகொண்டு, “மொதப் புள்ளைக்கு வாங்குன கவுனு இருக்குது, அதையே வெச்சுக்கலாமா, புதுசா சட்டை எடுக்கணுமா டாக்டரம்மா?” என்று சுற்றி வளைப்பவர்கள் உண்டு. சிரித்துக்கொண்டே “ரெண்டும் எடுத்து வெச்சுக்கங்க” என்பேன். 1994-ல் வந்த சட்டம் இது. ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் ‘ஃபார்ம் எஃப்’ நிரப்ப வேண்டும். மிஷினுக்குப் பதிவு வேண்டும். சொன்ன டாக்டருக்கும் கேட்ட குடும்பத்துக்கும் சிறை வரைக்கும் போகும். ஆதார் நகல், கையெழுத்து என்று வரவேற்பில் கேட்டால் அதற்காகத்தான்.

ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியதும் படியிறங்குவதற்குள் கூகுளில் போட்டுப் பார்க்கிறவர்களுக்கு: கடைசியில் ‘இம்ப்ரஷன்’ என்று ஒரு பகுதி இருக்கும், முதலில் அதைப் படியுங்கள். மேலே வரிவரியாக இருப்பது பார்த்ததன் பட்டியல். ‘கிளினிக்கல் கோரிலேஷன்’ தேவை என்று எழுதியிருந்தால், படத்தில் தெரிவதையும் நோயாளியைக் கையால் தொட்டுப் பார்த்ததையும் சேர்த்து வைத்து முடிவெடுங்கள் என்று டாக்டருக்கு நாங்கள் சொல்கிறோம். இதை வைத்து மற்ற டாக்டர்கள் எங்களைக் கிண்டல் செய்வார்கள், தப்பித்துக்கொள்கிறோம் என்று. சில சமயம் அது உண்மைதான். இரண்டு வார்த்தைச் சீட்டு வந்தால் வேறென்ன செய்ய?

முதுகுவலி எம்.ஆர்.ஐ.யில் ‘டிஸ்க் தேய்மானம்’, ‘பல்ஜ்’ (டிஸ்க் பிதுக்கம்) என்று படித்துவிட்டு ஆபரேஷனுக்குத் தயாராகி விடாதீர்கள். வலியே இல்லாதவர்களை ஸ்கேன் செய்த ஆய்வுகளைத் தொகுத்து 2015-ல் ஒரு கட்டுரை வந்தது. இருபது வயதுக்காரர்களில் 37 சதவீதம் பேருக்கும், எண்பது வயதுக்காரர்களில் 96 சதவீதம் பேருக்கும் டிஸ்க் தேய்மானம் தெரிந்தது. நரை விழுவது மாதிரிதான் பாதி விஷயம். சிறுநீரகத்தில் ‘சிம்பிள் சிஸ்ட்’ என்றால் நீர்க்கட்டி, பெரும்பாலும் சும்மா கிடக்கும். மார்பக ரிப்போர்ட்டில் பைராட்ஸ் என்பது சந்தேகம் எவ்வளவு என்று சொல்லும் எண்; ‘பைராட்ஸ் 3’ என்றிருந்தால் புற்றுநோயாக இருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டுக்கு மேல் இல்லை. ஆனால் ஆறு மாதம் கழித்துத் திரும்ப வரச் சொன்னால் வர வேண்டும். நான்கு, ஐந்து என்றால் சதை எடுத்துப் பார்ப்பதைத் தள்ளிப்போடக் கூடாது. எந்தத் தொந்தரவும் இல்லாமல் ‘மொத்த உடம்பையும் ஒரு ஸ்கேன் போட்டுடலாம்’ என்று வருபவர்களை நான் திருப்பி அனுப்பப் பார்ப்பேன். எதையாவது ஒன்றைக் கட்டாயம் கண்டுபிடிப்போம். அப்புறம் அதைத் துரத்திக்கொண்டு ஓடுவதே வேலையாகிவிடும்.

இந்தத் துறையை எடுக்கலாமா என்று கேட்கும் தம்பி தங்கைகளுக்கு. பி.ஜி. கவுன்சலிங்கில் ரேடியாலஜி சீட் வேகமாகப் போய்விடுகிறது. நோயாளியின் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, நிம்மதியான வேலை என்று நினைத்து வருகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். அல்ட்ராசவுண்ட் அறையில் நாள் முழுக்க முகம்தான். கழுத்தும் தோளும் போய்விடும். நாற்காலி உயரத்தை முதல் வருடத்திலேயே சரிசெய்யப் பழகுங்கள். இயற்பியல் வேண்டாமென்று ஓடிவந்தவர்களையும் இந்தத் துறை விடாது. சி.டி. மிஷினை உருவாக்கிய ஹவுன்ஸ்ஃபீல்டு டாக்டரே இல்லை, எஞ்சினியர். பாட்டு ரெக்கார்டு போட்ட இ.எம்.ஐ. கம்பெனியில் வேலை பார்த்தவர். 1971 அக்டோபர் 1-ல் லண்டனில் முதல் நோயாளியின் தலையைப் படம் பிடித்தார்; 1979-ல் நோபல் வந்தது.

கையால் வேலை செய்யப் பிடிக்கும் என்றால் இன்டர்வென்ஷனல் ரேடியாலஜி இருக்கிறது. 1964-ல் அமெரிக்காவின் போர்ட்லண்டில் சார்லஸ் டாட்டர் என்கிற ரேடியாலஜிஸ்ட், காலை வெட்டச் சம்மதிக்காத 82 வயதுப் பாட்டிக்கு, கத்தி வைக்காமல் கம்பியையும் குழாயையும் உள்ளே விட்டுத் தொடை ரத்தக்குழாய் அடைப்பைத் திறந்தார். அந்த அம்மா அதற்கப்புறம் இரண்டரை வருடம் தன் காலாலேயே நடந்தார். இன்று சீழ்க்கட்டியை வடிப்பது, மஞ்சள் காமாலைக்குப் பித்தக்குழாயில் டியூப் வைப்பது, பிரசவத்துக்குப் பின் நிற்காத ரத்தப்போக்கைக் குழாயை அடைத்து நிறுத்துவது எல்லாம் இவர்கள் கைவேலை. உங்கள் வீட்டில் யாருக்காவது ‘திறந்து ஆபரேஷன்’ என்று சொன்னால், ஊசித் துளை வழியாகச் செய்ய முடியுமா என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். முடியாது என்றால் ஏன் முடியாது என்பதாவது தெரியும்.

செயற்கை நுண்ணறிவு வந்தால் நீங்களெல்லாம் எங்கே போவீர்கள் என்று கேட்பார்கள். 2016-ல் செயற்கை நுண்ணறிவு ஆராய்ச்சியில் பெரிய பெயரான ஜெஃப்ரி ஹின்டன், இனி ரேடியாலஜிஸ்டுகளைப் படிக்க வைப்பதையே நிறுத்திவிட வேண்டும் என்கிற அளவுக்குப் பேசினார். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. டி.பி.க்காக நெஞ்சு எக்ஸ்ரேக்களைச் சலிக்க கம்ப்யூட்டரைப் பயன்படுத்தலாம் என்று 2021-ல் உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது, நல்ல காரியம். பரண் மேல் படம் கிடக்கிறதா என்று அந்த அம்மாவிடம் கேட்க அதற்கு இன்னும் தெரியவில்லை.

டெக்னீஷியன் படிப்புக்குப் போகிற பிள்ளைகளுக்கு இன்னொன்று. சட்டையில் குத்திக்கொள்ளக் கொடுக்கும் டி.எல்.டி. பேட்ஜ், நீங்கள் வாங்குகிற கதிரை அளக்கிறது. வழக்கமாக மூன்று மாதத்துக்கு ஒரு முறை அனுப்பி அளப்பார்கள். ஐந்து வருடச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஒரு வருடத்திலும் 30-க்கு மேல் போகக் கூடாது என்பது நம் நாட்டு விதி. வேலை முடிந்ததும் அதை எக்ஸ்ரே அறைக்குள்ளேயே ஆணியில் மாட்டிவிட்டுப் போனால் வருகிற கணக்கு ஆணியின் கணக்கு. ஈய ஏப்ரனை மடித்து வைக்காதீர்கள், உள்ளே விரிசல் விடும், தொங்கவிடுங்கள்.

கடைசியாக, இன்னொரு ரேடியாலஜிஸ்டிடம் கருத்து கேட்க விரும்பினால் தாராளமாகக் கேளுங்கள், நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம். ஆனால் வெறும் ரிப்போர்ட் தாளை மட்டும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். அதைப் பார்த்து இரண்டாவது ஆள் என்ன சொல்ல முடியும்? குறுந்தகடு, பழைய படங்கள், ரத்தப் பரிசோதனைகள், டிஸ்சார்ஜ் சீட்டு இவ்வளவும் ஒரு பையில் போடுங்கள். லேப்டாப்பில் தகடு போடும் வசதி இப்போது பலரிடம் இல்லை என்பதால், ஸ்கேன் எடுக்கிற அன்றைக்கே பென் டிரைவிலும் ஒரு பிரதி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்கேன் படங்களுக்கென்றே உள்ள டைகாம் வடிவத்தில் வேண்டும் என்று சொல்லுங்கள், அவர்களுக்குப் புரியும். அப்புறம் உங்கள் டாக்டரிடம் சீட்டு வாங்கும்போது, “எதுக்காக இந்த ஸ்கேன்னு இதுலயே ஒரு வரி எழுதிடுங்க டாக்டர்” என்று கேளுங்கள். எழுத நேரமில்லை என்றால் அவர் வாயால் சொல்வதை நீங்களே ஒரு துண்டுத் தாளில் எழுதி, சீட்டோடு பின் போட்டுக் கொண்டு வாருங்கள். எம்.ஆர்.ஐ. என்றால் அந்தப் பின்னை வாசலிலேயே வாங்கிக்கொள்வோம்.